விசிட் விசா ஸ்டூடண்ட் விசா ஆகாது

விசிட் விசாவில் அமெரிக்கா போய், அங்கே ஒரு கல்லூரியில் அட்மிஷன் வாங்கி, இருந்த இடத்திலேயே மாணவராக மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றிக் கிடக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசா நேர்காணலில் ரிஜெக்ட் ஆன பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. 'முதலில் விசிட் விசா, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு கன்சல்டன்சியின் விளம்பரம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. குடும்பத்தின் சேமிப்பையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பாழாக்கும் யோசனை இது.

விசாவும் ஸ்டேட்டஸும் வேறு வேறு. விமான நிலையத்தில் போய் நின்று உள்ளே விடும்படி கேட்பதற்கான சீட்டுதான் விசா. உள்ளே விட்ட பிறகு எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவு சொல்கிறது, அதுதான் ஸ்டேட்டஸ். பி-2 என்ற விசிட் விசாவில் போகிறவருக்கு வழக்கமாக ஆறு மாதம் கிடைக்கும். அந்தக் கெடு முடிவதற்குள் ஐ-539 படிவத்தில் மனுப் போட்டு, மாணவர் ஸ்டேட்டஸுக்கு மாற்றும்படி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த நம்பிக்கையில் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.

மனு ஏற்கப்பட்டாலும் பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா ஏறாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நள்ளிரவில் போன் வந்து அந்த மாணவர் ஊருக்கு ஓடி வந்தால், திரும்பிப் போவதற்குச் சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்குக்கு நிற்க வேண்டும். எந்தக் கவுன்ட்டரைத் தவிர்க்க விசிட் விசாவில் போனாரோ, அதே கவுன்ட்டர். சுற்றிப் பார்க்க என்று சொல்லி விசா வாங்கியவர் கல்லூரியில் சேர்ந்தது எப்படி என்று அங்கே கேட்பார்கள். பாதிப் படிப்பு அந்தக் கரையில், மாணவர் இந்தக் கரையில் என்று நின்றுபோனால், கட்டிய பீஸுக்கு எந்த ஏஜென்ட் பொறுப்பேற்பார்?

மனு நிலுவையில் இருக்கும்போதே படிக்கத் தொடங்கலாம் என்பது இதனோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு பொய். அந்தக் கதவு மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களைக் கடத்திய முகமது அட்டாவும் மர்வான் அல் ஷேஹியும் விசிட்டராக நுழைந்து, 2000-ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவின் வெனிஸ் நகரில் விமானப் பயிற்சியில் சேர்ந்தார்கள். பிறகுதான் மாணவர் ஸ்டேட்டஸுக்கு மனுப் போட்டார்கள். ஒப்புதல் வருவதற்குள் பயிற்சியையே முடித்துவிட்டார்கள். அந்த ஒப்புதலைத் தெரிவிக்கும் தாள்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது 2002 மார்ச் 11 அன்று, ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பலிகொண்ட அந்தத் தாக்குதலில் இருவரும் செத்து ஆறு மாதம் கழித்து. அமெரிக்க நாடே கொதித்தது. மறு மாதமே, ஏப்ரல் 12-ஆம் தேதி விதி மாறியது: பி-1, பி-2 ஸ்டேட்டஸில் இருப்பவர், மாணவர் ஸ்டேட்டஸ் கைக்கு வரும்வரை படிப்பில் சேரக் கூடாது. சேர்ந்தால் ஸ்டேட்டஸை மீறியவர் ஆவார். மனுவும் அத்தோடு போகும். இத்தனை வெளிப்படையான வரலாறு இருந்தும் 'கிளாஸுக்குப் போய்க்கொண்டே இருங்கள், பேப்பர் பின்னால் வரும்' என்று சொல்லிக் காசு வாங்குவது மோசடி.

காத்திருப்பு மாதக் கணக்கில் இழுக்கும். கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தில் உள்ள தொடக்கத் தேதி தாண்டினால் கல்லூரி அதை அடுத்த பருவத்துக்குத் தள்ள வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். அப்பாவின் நெஞ்சுவலி அதற்காகக் காத்திருக்காது. ஐ-94 கெடு முடிந்த பிறகு மனு நிராகரிக்கப்பட்டால் உடனே கிளம்ப வேண்டும். கிளம்பாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போனால் மூன்றாண்டுத் தடை, ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பத்தாண்டுத் தடை.

இவற்றைவிடக் கொடியது, பொய் சொன்னவர் என்ற முத்திரை. நுழைந்த 90 நாளுக்குள் அனுமதியில்லாத படிப்பில் சேர்ந்தால், விசா வாங்கும்போதே உண்மையை மறைத்தார் என்று தூதரக அதிகாரி கருத இடம் உண்டு. அது உறுதியானால் வாழ்நாள் தடை. விலக்கு வேண்டுமென்றால் தனியாகப் போராட வேண்டும். கல்லூரிகளை நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறேன் என்று நேர்காணலில் உண்மையைச் சொன்னால், வருங்கால மாணவர் என்ற குறிப்போடு பி-2 விசா தர அங்கே வழி இருக்கிறது. அந்த நேர்வழியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. எஃப்-1 ரிஜெக்ட் ஆன பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வரும், ஊர் திரும்புவார் என்று நம்பவைக்கவில்லை என்ற 214(பி) பிரிவு விசிட் விசாவுக்கும் அப்படியே பொருந்தும் என்பதையும் சொல்வதில்லை.

மற்ற நாடுகளில் நிலைமை இன்னும் கறார். 2024 ஜூலை 1 முதல், ஆஸ்திரேலியாவில் விசிட்டராக இருப்பவர் அங்கிருந்தபடி ஸ்டூடண்ட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிரிட்டனிலும் முடியாது. கனடாவில் சில விலக்குகள் தவிர முடியாது. ஷெங்கன் விசாவில் ஜெர்மனி போகும் இந்தியர் படிக்க விரும்பினால், ஊருக்குத் திரும்பி வந்து தேசிய விசா வாங்கித்தான் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்குக் காரணம் கமிஷன். பிள்ளை சேரும் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் பல ஏஜென்டுகளுக்குப் பங்கு வருகிறது. கல்லூரி தரமானதா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் 2011-இல் மோசடிக்காக மூடப்பட்டபோது, தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி கட்டினார்கள். இங்கே வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கிய பெற்றோர் அந்தப் படத்தை டிவியில் பார்க்க வேண்டியிருந்தது.

எஃப்-1 ரிஜெக்ட் ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை. கட்டணத்தை மீண்டும் கட்டி, குறைகளைச் சரிசெய்து, அடுத்த பருவத்துக்குப் புது ஐ-20-உடன் அதே கவுன்ட்டருக்குப் போகலாம். அந்த வழியைச் சொல்லாமல் விசிட் விசாவைக் காட்டும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.