தேர்தல் இருக்கிறதே, வரம்பு எதற்கு?

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் வருது. பிடிக்கலைன்னா மாத்திடப் போறோம். எம்.எல்.ஏ.வுக்குத் தனியா கால வரம்பு எதுக்கு?" குரோம்பேட்டையில் யாரிடம் பேச்செடுத்தாலும் இதுதான் பதில். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நாம் மாற்றுவது எதை?

குரோம்பேட்டை அடங்கிய பல்லாவரம் தொகுதி 2011இல் முதல் தேர்தலைக் கண்டது. அப்போது அ.தி.மு.க. வென்றது, 2016லும் 2021லும் தி.மு.க.வின் இ. கருணாநிதி. மாற்றினோம், சரி. மாற்றியது கட்சியை. சின்னத்துக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று எந்த வாக்காளரையும் யாரும் கேட்கவில்லை. அது கட்சித் தலைமையகத்து நேர்காணலில் முடிந்துபோகிற விஷயம். கட்சி வேண்டும், பழைய ஆள் வேண்டாம் என்பவருக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான் கிடையாது.

அடுத்தது அனுபவம். பழகியவர் போய்விட்டால் வேலை நடக்காதாம். ராதா நகர் சுரங்கப்பாதை எத்தனை ஆண்டு இழுத்தது என்று ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். அதை நிறுத்திவைத்தது நில எடுப்பும் துறைகளுக்கு இடையிலான இழுபறியும்தான், எம்.எல்.ஏ.வின் அனுபவக் குறைவு அல்ல. சபையிலோ, 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு மூத்தவரும் புதியவரும் ஒரே கொறடாவுக்குத்தான் கை தூக்குகிறார்கள். கேரளத்தில் 2021இல் மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இரு முறை வென்றவர்களுக்குச் சீட்டு மறுத்தது. தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்ற அமைச்சர்களே ஒதுங்கினார்கள். இடது முன்னணி 140இல் 99 இடங்களைப் பிடித்தது.

"அப்படியானால் கலைஞரை இழந்திருப்போமே?" 1957 முதல் 2016 வரை 13 முறை வென்றவர், தோல்வியே காணாதவர். ஆனால் 1984 சட்டமன்றத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. 1989இல் மீண்டும் முதல்வரானார். நான் கேட்பதும் ஆயுள்தடை அல்ல: தொடர்ந்து இரண்டு முறை, பிறகு ஒருமுறை இடைவெளி.

ஒரு மறுப்பு மட்டும் கனமானது. அப்பா இறங்கினால் பிள்ளை ஏறுவார். பிலிப்பைன்ஸில் 1987 அரசியலமைப்பு கீழவைக்குத் தொடர்ந்து மூன்று முறை என்று வரம்பு வைத்தது; மனைவியும் மகனும் அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். ஆகவே அந்த ஒருமுறை இடைவெளி குடும்பத்துக்கும் சேர்த்தே பொருந்த வேண்டும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்பவர்கள் செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர் போய் வரட்டும். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நிலமுள்ள, வேதம் படித்த ஆண்களுக்கான சபைதான் அது. அதைக் குடியாட்சி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் வாரியத்தில் இருந்தவர் பெயர் அடுத்த மூன்றாண்டுக்குக் குடவோலையில் ஏறக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை.