காசு கொடுத்தது நாம, எடுத்தது அவர்... கல்யாண போட்டோ யாருக்குச் சொந்தம்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். செங்கோட்டையில் ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முன்னாடியே சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் ப்ரீ வெட்டிங் ஷூட் முடிந்தாச்சு. கல்யாணமும் முடிந்து, ஆல்பம் வந்து, சொந்தக்காரங்க எல்லாரும் பார்த்து, அது பீரோவுக்குள்ளும் போயாச்சு. மூன்று மாதம் கழித்து மணப்பெண்ணுக்குத் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. "ஏ, இது நீதானே?" தென்காசியில் ஒரு பியூட்டி பார்லரின் ஃபிளெக்ஸ். அதில் தாலி கட்டும் நேரத்தில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் அவருடைய முகம், ஆறடி உயரத்துக்கு.

உடனே போட்டோகிராஃபருக்கு போன். "என்ன அண்ணாச்சி, எங்களக் கேக்காமலே கொடுத்துட்டீங்க?" எதிர்முனையில் இருப்பவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நல்லா வந்திருக்குன்னுதானம்மா கொடுத்தேன். நான் எடுத்த படம்தானே?" பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "காசு கொடுத்தது நாங்கல்லா!"

காட்சி கற்பனைதான். ஆனால் இந்த இரண்டு வசனங்களும் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கக்கூடியவை. யார் சொல்வது சரி?

கூகுள் சொல்வது எந்த ஊர்ச் சட்டம்?

இணையத்தில் தேடினால், "போட்டோ எடுத்தவருக்கே பதிப்புரிமை" என்றுதான் முதலில் வரும். அது பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பொருந்தும் பதில். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒரு புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. ஆனால் 17-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படம் என்றால், மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. வீடியோவுக்கும் இதே கதைதான்.

ஆக, எதுவும் எழுதிக்கொள்ளாத கல்யாணத்தில் அப்பா சொன்னதுதான் சட்டப்படி சரி. குற்றாலத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவர் ரூம்களைப் படம் எடுக்கச் சொன்னாலும், பிரானூர் பார்டரில் பரோட்டா கடைக்காரர் மெனு கார்டுக்குப் படம் எடுக்கச் சொன்னாலும், நீங்கள் லிங்க்ட்இன் புரொஃபைலுக்காக ஸ்டூடியோவில் போய் நின்றாலும் இதே விதிதான். நண்பர் ஒருவர் காசு வாங்காமல் 'கொலாப்' என்று எடுத்துக் கொடுத்தால் இந்த விதிவிலக்கு வராது, உரிமை அவருடையது.

இந்த விதி பிரிட்டனின் 1911-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1988-ல் அதைக் கைவிட்டு, உரிமையைப் போட்டோகிராஃபருக்கே கொடுத்துவிட்டது. ஆனால் கூடவே ஒன்றைச் சேர்த்தது. சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்களைப் பொதுவெளியில் வெளியிடாமல் தடுக்கும் உரிமை, எடுக்கச் சொன்னவருக்கு உண்டு. படம் அவருடையது, அந்தரங்கம் உங்களுடையது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பழைய விதி அப்படியே இருக்கிறது. இப்படி ஒரு தனிப் பாதுகாப்பு மட்டும் இல்லை.

ரொம்ப சந்தோஷப்படாதீங்க

"அப்போ எல்லாம் நம்மளுதுதானே?" என்று கேட்கலாம். இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, 'மாறான ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற வார்த்தைகள். அட்வான்ஸ் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்டீர்களே, அந்த ஆர்டர் ஃபார்மின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? 'படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், சட்டம் உங்களுக்குத் தந்ததை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டாவது இடம்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சட்டம் பார்ப்பது யார் எடுக்கச் சொன்னார், யார் பணம் கொடுத்தார் என்பதை. படத்தில் இருப்பது யார் என்பதை அல்ல. மாப்பிள்ளை வீட்டார் போட்டோகிராஃபரைப் பேசி, அவர்களே பணமும் கொடுத்திருந்தால், பதிப்புரிமை அவர்கள் பக்கம். ஆல்பத்தில் பாதிக்கு மேல் இருப்பது பெண்ணின் முகம். ஆனால் அந்தப் படங்களின் உரிமையில் அவருக்குப் பங்கு இல்லாமல் போகலாம். பெண் வீட்டார் பேசியிருந்தாலும் பேசியது பெரும்பாலும் அப்பாவோ சித்தப்பாவோதான். கல்யாணம் நல்லபடியாக நடக்கும்வரை இது யாருக்கும் தோன்றாது. உறவு முறிந்த பிறகுதான், "அந்தப் படமெல்லாம் யார் கையில் இருக்கு?" என்ற கேள்வியே வரும்.

படம் வேறு, முகம் வேறு

நல்ல வேளையாக, பதிப்புரிமை மட்டுமே முழுக்கதை இல்லை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது. அதில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவருடைய சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது, தனியுரிமை மீறலுக்கு ஓர் உதாரணமாகவே சொல்லப்பட்டது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

அதாவது, படத்தின் உரிமை ஸ்டூடியோவிடம் இருந்தாலும், உங்கள் முகத்தை வைத்து இன்னொருவர் கடைக்கு விளம்பரம் செய்ய அந்த உரிமை மட்டும் போதாது.

சம்மதம் கேட்காமல் விட்டால் ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனு ஒன்றே போதும். ஒரு கிராமத்துப் பெண்ணை உள்ளூர் போட்டோகிராஃபர் படம் எடுக்கிறார். அந்தப் படம் ஷட்டர்ஸ்டாக் தளத்துக்குப் போகிறது. அங்கிருந்து அரசுத் திட்ட விளம்பரங்களில் அவருடைய முகமாக வந்து நிற்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. இதுதான் அவர் மனுவின் சாரம். மத்திய, மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கிராமத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான் தொடக்கம்.

போட்டோகிராஃபர் பக்கமும் நியாயம் இருக்கு

இதுவரை படித்த போட்டோகிராஃபர்கள் கோபமாக இருப்பார்கள். நியாயம்தான். ஒரு கல்யாணத்தில் எடுத்த நல்ல படம்தான் அவருக்கு அடுத்த ஆர்டரைக் கொண்டுவரும். இன்ஸ்டாவில் படமே போடக்கூடாது என்றால், பிழைப்பு எப்படி நடக்கும்? சட்டத்தின் விதிவிலக்கு அவருக்கும் பாதகமாக இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால், தான் எடுத்த படத்தைத் தன் பக்கத்தில் போடவே அவருக்கு உரிமை இல்லை என்று வாதாட முடியும்.

ஆனாலும் உரிமை கைமாறினாலும் போகாத ஒன்று அவரிடம் உண்டு. 57-வது பிரிவின்படி, 'இது நான் எடுத்தது' என்று உரிமை கோரலாம். தன் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கலாம். கன்னாபின்னாவென்று ஃபில்டர் போட்டு, அவருடைய வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் கவனிக்க.

யாரும் கேட்காமல் அவரே எடுக்கும் படங்களோ முழுக்க அவருடையவை. சாரல் தொடங்கியதும் ஐந்தருவி, மெயினருவி, குண்டாறு அணைப் படங்கள் இன்ஸ்டாவில் குவியும். அடுத்த நாளே அவற்றில் ஒன்று ஏதோ ஒரு லாட்ஜ் விளம்பரத்திலோ மீம் பக்கத்திலோ இருக்கும். கீழே 'நன்றி: இணையம்' என்று போட்டிருப்பார்கள். எங்கள் செய்தித் துறைக்கும் இந்த வியாதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நன்றி சொல்வது அனுமதி ஆகாது. அந்தப் படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வணிகத்துக்காக வேண்டுமென்றே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது 63-வது பிரிவு.

என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

வக்கீல் பாஷை தேவையில்லை. ஒரு பக்கத் தாள் போதும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

1. பதிப்புரிமை யாருக்கு? ஸ்டூடியோவுக்கு என்றால், பிரின்ட் போட, பகிர, காலண்டர் அடிக்க உங்களுக்கு என்னென்ன அனுமதி? மாற்றிக் கொடுப்பதானால் காலத்தையும் எல்லையையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

2. ஸ்டூடியோ எங்கே போடலாம்? இன்ஸ்டா மட்டுமா, கடை வாசல் ஃபிளெக்ஸிலுமா? பார்லர், ஜவுளிக்கடை, ஸ்டாக் தளம் என்று மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பதற்குத் தனி அனுமதி.

3. யார் முகம்? மணமகள், மணமகன் இருவரின் சம்மதமும் தனித்தனியாக. குழந்தைகள் படம் என்றால் பெற்றோரின் சம்மதம்.

4. ரா ஃபைல் கிடைக்குமா? பதிப்புரிமை உங்களுடையது என்பதாலேயே ஹார்ட் டிஸ்க்கும் உங்கள் கைக்கு வந்துவிடாது. தருவாரா, எத்தனை நாள் வைத்திருப்பார் என்று முதலிலேயே பேசுங்கள்.

5. ஏஐ கருவிகளில் உங்கள் படங்களை ஏற்றலாமா, கூடாதா?

6. நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்குவார்?

'எங்கேயும் போடக்கூடாது' என்று கேட்டால் சிலர் கூடுதல் கட்டணம் சொல்லலாம். அதில் தப்பில்லை, அவர் ஒரு விளம்பரத்தை இழக்கிறார். பேரம் பேசலாம். ஆனால் 'எதுவும் சொல்லலைன்னா போட்டுக்கலாம்' என்ற வழக்கம் மாற வேண்டும். 'சரின்னு சொன்னா மட்டும் போடலாம்' என்பதே முறையாக இருக்க வேண்டும். அந்தச் 'சரி'யை அப்பாவிடம் கேட்டால் போதாது. படத்தில் இருக்கும் பெண்ணிடமே கேட்க வேண்டும்.

ட்ரோன் உண்டா, ஆல்பம் எத்தனை ஷீட், ஃப்ரேம் ஃப்ரீயா என்று அட்வான்ஸ் கொடுக்கும்போது அரை மணி நேரம் பேசுகிறோம். அப்படியே, "அண்ணாச்சி, எங்க படத்த எங்கெல்லாம் போடுவீங்க?" என்று ஒரு கேள்வி. அதற்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.