மின்சார வேலைக்கு வரும் வாலிபர்கள்

வலங்கைமான் என்றதும் தஞ்சைச் சீமையில் இரண்டு நினைவுகள் வரும். ஒன்று மகாமாரியம்மன் கோயில் பாடைக் காவடி, மற்றொன்று வெடி. வெடிமருந்தைத் தொடுகிறவனுக்கு உரிமம் வேண்டும் என்பதை அவ்வூரில் சிறு பிள்ளையும் அறியும். 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் முதற்கொண்டு சர்க்காரின் கண் அத்தொழிலின் மீது இருந்து வருகிறது. ஆனால் அதே ஊரில், புதிதாகக் கட்டும் வீட்டின் சுவருக்குள் 230 வோல்ட் மின்சாரத்தை ஓடவிடுகிறவரிடம், "தம்பி, உனக்குச் சான்று உண்டா?" என்று கேட்போர் எத்தனை பேர்?

இது சட்டம் இல்லாத குறையன்று. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இவ்விஷயம் தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே கூறுகின்றன. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு மாற்றுவது போன்ற சில்லறைக் காரியங்கள் நீங்கலாக, மற்ற வேலை யாவும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உடையவரின் நேர் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். ஏட்டில் உள்ளது இது. வீட்டில் நாம் காண்பதோ, கொத்தனார் அழைத்து வந்த ஒருவர். அவர் அழைத்து வந்த ஒரு பையன்.

அந்தப் பையனைப் பற்றியே நாம் எழுதப் புகுந்தோம். முதல் வருஷம் அவன் கையில் இருப்பது சுத்தியலும் உளியுமே. சுவரில் காடி வெட்டுவான், பைப் பதிப்பான், எல்லோருக்கும் தேநீர் வாங்கி வருவான். அடுத்த வருஷம் ஒயர் இழுப்பான். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று நிறத்தை அறிவான், காரணத்தை அறியான். சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியில்தான் அமைய வேண்டும். நியூட்ரலில் அமைந்துவிட்டால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். இந்த முதற்பாடத்தை உட்கார வைத்துச் சொல்லுவோர் அவனுக்கு இல்லை. விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், வெந்நீர்க் கருவிக்கு 2.5 என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுவான். மெல்லிய கம்பியில் பெரும் பளு ஏறினால் கம்பி சூடேறி உறை உருகும் என்ற காரணமும் தெரிந்தால் அல்லவோ, வீட்டுக்காரர் "இதே ஒயர் போதும்" என்று சிக்கனம் பேசும்போது அவன் மறுத்து நிற்பான்?

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். தச்சுக்கும் நெசவுக்கும் அது முற்றும் பொருந்தும். மின்சாரத்தையோ கண் பார்ப்பதில்லை.

காவிரிப் பாசன நாட்டு வீடுகளுக்குத் தனிச் சங்கடமும் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் முழுவதும் ஓதம் ஏறும். நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி ஒயரையும் விட்டுவைப்பதில்லை. எர்த் குழி அந்த ஈரத்தில் ஒழுங்காக வேலை செய்யும். சித்திரை வெயிலில் அதே களிமண் பாளம் பாளமாக வெடித்து உலரும்போது மண்ணின் தடை பெருகி, எர்த் பெயரளவில் நிற்கும். குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தவறாது நீர் ஊற்ற வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் எர்த் குழி கொல்லைப்புறத்தில், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் இருப்பது. ஆகையால் செலவைக் குறைக்க நினைக்கிறவர் முதலில் கை வைப்பது அதில்தான். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவை எட்டினால் கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்று கடையில் கிடைக்கிறது. அதையும் வாங்கி வைத்துவிட்டு, அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி ஒயர் கொடுக்கச் சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள்! அவர்களுக்கு இணங்கிப் போகிற வேலைக்காரனை நாம் குறை கூறலாம். ஆனால் அக்கருவி எதற்காக விழுகிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பிரதேசத்தைச் சூறையாடியபோது, சாய்ந்த மின் கம்பங்களை நிமிர்த்த வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தொழிலாளர் வந்து அரும்பாடுபட்டார்கள். தெருக் கம்பியில் மின்சாரம் திரும்பியது. நனைந்த வீடுகளின் உட்புற ஒயரிங்கைச் சோதிப்பது மின்வாரியத்தின் வேலையன்று; அது உள்ளூர்க் கைகளின் வேலை. அந்தக் கைகள் எவ்வளவு தேர்ந்தவை என்பதைப் பொறுத்தே அந்த வீடுகளின் க்ஷேமம் நின்றது.

வழியே இல்லையோ என்றால், இருக்கிறது. எட்டாவது தேறியவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் கம்பியாள் பயிற்சி பெறலாம். ஆயினும் அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துப் பையன் இரண்டு வருஷம் பகல் முழுவதும் பள்ளியில் இருக்க முடியாது. அவனுக்காகவே மின்கம்பி உதவியாளர் தகுதித் தேர்வு என்ற ஒன்றை வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையார் நடத்தி வருகிறார்கள்; ஐந்து வருஷத் தொழில் அனுபவம் உள்ளவர்கள் அதில் அமரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருஷம் காடி வெட்டினவனுக்கு ஐந்து வருஷ அனுபவம் உண்டே தவிர, கல்வி உண்டா? எழுத்துச் சான்று இல்லாத ஆசானிடம் வேலை செய்தவன் தன் அனுபவத்துக்கு யாருடைய கையெழுத்தைக் கொண்டு போவான்?

மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1869-இல் பிறந்த ஊர் வலங்கைமான். அவருடைய நாவன்மையை உலகம் வியந்தது. பேனா பிடிக்கும் உத்தியோகத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்வதில் நமது ஜில்லா என்றுமே பின்தங்கியதில்லை. அதற்குச் செலவழிக்கும் அக்கறையில் நாலில் ஒரு பங்கு கைத்தொழிலுக்குச் செலவழித்திருந்தால், திருகு முடுக்கியைப் பிடித்த பையனை இரண்டாந்தரமாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் வளர்ந்திராது.

சர்க்காரை நாம் கேட்பது பெரிய கட்டிடமல்ல. ஒவ்வொரு தாலுகா ஊரிலும் வாரத்தில் மூன்று மாலை, வேலை முடிந்து வரும் பையன்களுக்கு ஒரு வகுப்பு. ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு கரும்பலகை, ஒயரிங் செய்து பழக ஒரு மரப்பலகை, உறையின் காப்பைச் சோதிக்க ஒரு மெக்கர். சான்று பெற்ற ஆசான் ஒருவர். அங்கே கற்ற மாதங்கள் அனுபவக் கணக்கில் சேர வேண்டும். ஆசான்மார் தங்களிடம் உள்ள பையனை அந்த மூன்று மாலையும் ஆறு மணிக்கு விட்டுவிட வேண்டும், கூலியில் பிடிக்கலாகாது. வீடு கட்டுவோர் செய்ய வேண்டியது ஒன்றே: சிமெண்டின் தரத்தை விசாரிக்கிற அதே வாயால், ஒயர் இழுக்க வந்தவரின் சான்றையும் விசாரிப்பது.