மானசரோவருக்கு மனு

திருவானைக்காவலில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர், சீன ஆட்சிக்குட்பட்ட திபெத்திலுள்ள மானசரோவர் ஏரிக்கு யாத்திரை செல்ல மனு எழுதி வைத்திருக்கிறார். 2020 முதல் தடைப்பட்டிருந்த அரசுப் பயணம் 2025இல் மீண்டும் தொடங்கியது. எழுபது வயதைக் கடந்தோருக்கு அனுமதியில்லை, அவருக்கோ அறுபத்தொன்பது. முன்பு வந்த நெஞ்சுவலியைத் தில்லி மருத்துவப் பரிசோதனையில் மறைத்துவிடலாமா என்று என்னிடம் வினவினார்.

ஏரி ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் காவிரிக் கரையில் கிடைப்பதில் பாதியைச் சற்றே மிஞ்சும். திடகாத்திரரும் தலைவலியால் துவளுவர். 1715இல் அவ்வழியே லாசாவுக்குச் சென்ற இயேசு சபைக் குரு தெசிதேரியும் தனித்துச் செல்லத் துணியாமல், தாத்தார இளவரசி ஒருத்தியின் பரிவாரத்துக்காகக் காத்திருந்தார்.

"மறைக்க வேண்டாம், ஐயா" என்றேன். அவர் முகம் வாடிற்று. வேளாங்கண்ணிக்கு நாங்கள் நடந்து புறப்படும்போதெல்லாம் வாசலில் மோருடன் நிற்பவர் அவர். சனிக்கிழமை இருதய மருத்துவரிடம் இருவரும் போகிறோம்.