பிள்ளைகள் வராத கிறிஸ்துமஸிலும் விருந்து உண்டு

டிசம்பர் பிறந்தாலே நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிறிஸ்தவத் தெருக்களில் முதியவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த வருசம் பண்டிகைக்குப் பிள்ளைங்க வர்றாங்களா?" இல்லை என்று பதில் வந்துவிட்டால் கேட்டவரின் முகம் சுருங்கிவிடும். பிறகு அந்த வீட்டுக்குத் தெருவிலிருக்கும் தோழி பிரியாணி செய்து கொண்டுவந்தாலும், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெண் அதிகாலை ஆராதனைக்கு முன்பே கறிக்குழம்பு வைத்து இறக்கினாலும், ஊர் அதை விருந்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. "பாவம், ஆளில்லை, யாரோ பொங்கிப் போடுறாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்லெண்ணத்தில் பிறக்கும் இந்த இரக்கம், முதியவருக்கும் சமைத்தவருக்கும் ஒருசேர அநீதி செய்கிறது. நண்பர்களும் பராமரிப்பாளர்களும் சமைத்துப் போடும் கிறிஸ்துமஸ் விருந்து, மகளோ மருமகளோ சமைத்ததற்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. அதை மனம் நிறைந்து அனுபவிக்கும் உரிமை முதியவருக்கு உண்டு. அப்படி அனுபவிக்கும்படி அதை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு சுற்றியிருப்பவர்களுக்கு உண்டு.

எங்கோ ஓரிரு வீட்டுச் சங்கதியாக இருந்தால் இதை இவ்வளவு பேச வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதை எட்டியிருந்தார். மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவின் கணிப்புப்படி அந்தப் பங்கு 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மாநில அளவில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதம் என்றாலும், குமரி மாவட்டத்தில் அவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம். படிப்பும் வேலையும் இந்த ஊர்களின் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் அதற்கப்பாலும் கொண்டுபோய்ப் பல காலமாகிவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் விமானக் கட்டணம் எகிறும். கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு அமையாது. ஆண்டுக்கு ஆண்டு பெருகிவரும் ஒரு வாழ்க்கை முறையைத் தனிப்பட்ட துயரமாகவே பேசிக்கொண்டிருந்தால், அதை நல்லபடியாக நடத்துவது எப்படி என்று யாரும் யோசிக்க மாட்டோம்.

பண்டிகைச் சோறு என்றால் குடும்பத்தார் சமைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் மரபும் சொல்லவில்லை. தென்மாவட்டத் தேவாலயங்களில் பண்டிகைகளின்போது நடக்கும் அசனம் என்னும் பொது விருந்தைப் பாருங்கள். அரிசியும் ஆடும் ஊரார் கொடுப்பது. தேவாலய வளாகத்தில் விடிய விடிய அடுப்பெரியும். யார் வெங்காயம் உரித்தார், யார் கிளறினார் என்று விசாரிக்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் சோறு போகும். அந்தச் சோற்றை யாரும் "பாவம்" என்று சொல்லிச் சாப்பிடுவதில்லை. லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்கு உறவினரையும் வசதியுள்ள அயலாரையும் கூப்பிடுவதைவிட ஏழைகளையும் நடக்க இயலாதவர்களையும் பார்வையற்றவர்களையும் கூப்பிடும்படி இயேசு சொல்கிறார். இரத்த உறவைத் தாண்டிய பந்தி இந்தப் பண்டிகையின் அடிப்படையிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் கேக்கும் அடுக்கிய தட்டு கிறிஸ்தவ வீட்டிலிருந்து இந்து, இஸ்லாமிய வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அங்கிருந்து வரும். ஆயுள் முழுக்க அப்படித் தட்டு அனுப்பிய ஒரு பெண், எண்பது வயதில் அடுப்படியில் நிற்க முடியாமல் போகும்போது அந்த வீடுகளிலிருந்து அவளுக்குச் சோறு வருகிறது என்றால், அதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது? செய்த மொய் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளக் கூச வேண்டியதில்லை.

அடுத்தவர் சமைத்ததைக் கூடி உட்கார்ந்து உண்பதன் பலனை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தனியாகச் சாப்பிடுவதைவிடப் பிறரோடு சேர்ந்து சாப்பிடும்போது மனிதர்கள் கூடுதலாக உண்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1980களின் இறுதியிலிருந்து உணவுக் குறிப்பேடுகளைக் கொண்டு தொடர்ந்து நிறுவினார். உடல் பருத்த நடுவயதினருக்கு இது எச்சரிக்கை. பசி குறைந்து, எடை இறங்கி, தசை கரைந்துகொண்டிருக்கும் முதியவருக்கோ இது மருந்து. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஐந்து முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 178 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் உணவு முன்கூட்டியே பரிமாறப்பட்டு வந்தது. மற்றவர்களுக்கு மேசையில் விரிப்பு விரித்து, பாத்திரங்களில் உணவை வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளவிட்டார்கள்; பணியாளர்களும் உடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் முதல் பிரிவினரின் உடல் எடையும் இயங்கும் திறனும் வாழ்க்கைத் தரமும் இறங்கின; இரண்டாம் பிரிவினர் அந்தச் சரிவுக்குத் தப்பினார்கள். பிள்ளைகள் வந்து ஊட்டிவிட்டதால் வந்த மாற்றமல்ல இது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் மேசையை ஒழுங்காக அமைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உடன் உட்கார்ந்ததால் வந்தது. பொட்டலத்தை வாசலில் கொடுத்துவிட்டு "சாப்பிடுங்க, வர்றேன்" என்று வண்டியைக் கிளப்புவது உதவிதான், ஆனால் அதற்கு இந்தப் பலன் கிடையாது.

சமைப்பதிலும் கவனம் வேண்டும். குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்வோம். வறுத்துப் பொடித்த சிறுபயறையும் தேங்காயையும் வெல்லப்பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஆறிய பிறகு அது இறுகிவிடும். பல்செட் போட்டவர் கடிக்க அஞ்சுவார். அதற்காக அவருக்கு முந்திரிக்கொத்தே கிடையாது என்று தீர்மானிக்க வேண்டுமா? பாகை இளம் பதத்தில் இறக்கி, அதே உருண்டையைப் பொரிக்காமல் நெய் தொட்டுப் பிடித்துக் கொடுத்தால் ருசியும் மணமும் நாக்குக்குப் போய்ச் சேரும். அச்சுமுறுக்கு வாயில் துகள்துகளாக உடைந்து, விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் புரையேற்றும். அவர்களுக்குப் பிளம் கேக்கை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துக் கரண்டியால் தரலாம். ஆட்டுக்கறியில் பப்பாளிக்காயைத் துருவிப்போட்டு ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாகவிட்டால் விரலாலேயே பிய்க்கலாம். இல்லையென்றால் கொத்துக்கறியாகச் செய்யலாம். இடியாப்பத்தில் ஆட்டுக்கால் பாயாவை ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டால் மெல்லவே வேண்டியதில்லை. முதுமையில் வாசனை அறியும் திறன் தளர்ந்துவிடும் என்பதையும் சமைப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். "ஒண்ணும் ருசிக்கல" என்று பெரியவர் சொன்னால் அதில் சமையலைப் பற்றிய குறை இல்லை. உப்பை அள்ளிப் போடாமல், அப்போது வறுத்து அரைத்த மசாலா, இஞ்சி, புதினா, கடைசியில் பிழிந்த எலுமிச்சை என்று மணத்தைக் கூட்டினால் தட்டு காலியாகும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குக் கறியும் கேக்கும் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் முதியவர்களின் உணவில் நாம் பெரும்பாலும் மிகுதியைப் பார்த்துப் பயப்படுகிறோம், குறைவைக் கவனிப்பதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று முதியோருக்குப் பரிந்துரைத்தது. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 55 முதல் 66 கிராம் என்று வருகிறது. இரண்டு இட்லி, ரசம் சாதம், ராத்திரிக்குக் கஞ்சி என்று ஓட்டுபவர்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் அளவு. மற்றவர்களுக்கு அளவான கறியும் சிறு துண்டு கேக்கும் தீங்கல்ல. என் பார்வையில் அதைவிடப் பெரிய ஆபத்து நேரம் தவறுவது. நள்ளிரவுத் திருப்பலிக்கோ அதிகாலை ஆராதனைக்கோ போய்வந்தவர், வழக்கமான நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகு, மதியம் ஒரு மணிக்கு வரவேண்டிய பிரியாணி மூன்று மணிக்கு வந்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். மீந்த சோற்றை ராத்திரிவரை வெளியே வைத்திருந்து கொடுப்பதும் அப்படித்தான். இளைஞருக்கு வயிற்றுப்போக்கோடு போவது முதியவரை மருத்துவமனையில் படுக்கவைத்துவிடும்.

இன்னொரு மறுப்பு கடுமையானது: இப்படி எல்லாம் ஏற்பாடாகிவிட்டால் பிள்ளைகள் கை கழுவிவிட மாட்டார்களா? பெற்றோருக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் கிடைக்கச் செய்வது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பாயா கொண்டுவந்தார் என்பதால் அந்தக் கடமை கழியாது. கடமையும் பண்டிகைப் பந்தியும் வேறு வேறு. பார்க்கப்போனால், மற்றவர்கள் விலகி நிற்பதால் எந்தப் பிள்ளையும் ஓடிவந்துவிடுவதில்லை. முதியவர் தனியாகச் சாப்பிடுவதுதான் மிச்சம். வர முடியாத பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. செலவை அனுப்பலாம். அம்மாவுக்குப் பிடித்ததை, அவர் வைக்கும் குழம்பின் பக்குவத்தைச் சமைப்பவருக்கு முன்கூட்டியே சொல்லலாம். சமைத்தவரிடம் பேசி நன்றி சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "யாரோ பொங்கிப் போட்டதை" என்ற பேச்சை நிறுத்தலாம்.

சம்பளத்துக்குப் பராமரிப்பவர் விஷயத்தில்தான் நாம் உண்மையிலேயே தவறு செய்கிறோம். அவருக்கும் வீடு உண்டு. அவரும் கிறிஸ்தவர் என்றால் அவருக்கும் அன்றைக்குத்தான் பண்டிகை. தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. ஆனால் வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு வீடு செய்யக்கூடியது உண்டு. அன்று வேலைக்கு வர விருப்பமா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. வந்தால் கூடுதல் ஊதியம் தர வேண்டும். சமைத்தவர் அடுப்படித் தரையில் தனித்தட்டு வைத்துச் சாப்பிடுவதும், அவர் கவனித்துக்கொள்ளும் பெரியவர் மேசையில் தனியே உட்கார்ந்திருப்பதுமாக நடப்பது விருந்தே அல்ல. சாதியும் கூலியும் சேர்ந்து போட்ட அந்தக் கோட்டை வருடத்தில் ஒரு நாளாவது அழிக்க மனமில்லாதவர்கள் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுவதில் பொருளில்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், பெரியவர் உப்பும் உறைப்பும் சரியா என்று பார்த்துச் சொல்வார். எந்த வருடம் யார் வீட்டில் எத்தனை படி அரிசி வடித்தார்கள் என்ற கதைகளும் வரும். கொடுப்பவராகவே வாழ்ந்த ஒருவருக்குக் கொடுப்பதற்கு அதுவாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. டிசம்பரில் கீத பவனி போகும் இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுபோல் தேவாலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குக்கூடத் தெரியாது. பாடி முடித்ததும் காணிக்கை உறையை வாங்கிக்கொண்டு நகராமல், 25ஆம் தேதி மதியம் என்ன சாப்பிடப் பிரியம், எது ஒத்துக்கொள்ளாது, மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அன்று சாப்பாட்டோடு ஆளும் போக வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், முதியவர் கேட்டுக்கொண்டால் ஒழியப் படம் எடுக்கக் கூடாது. மாதத்தின் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டால், சமைக்கப் போகிறவருக்குக் கறிக்குச் சொல்லிவைக்கவும் நேரம் கிடைக்கும், தன் வீட்டுப் பண்டிகைக்கு ஏற்பாடு செய்துகொள்ளவும் நேரம் கிடைக்கும்.