ஊசி போட்டாயா என்று கேட்ட வாசல்

தடுப்பூசிக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லையென்றால் நாலாவது வரி படிப்பதற்குள் யாராவது எங்களை வாட்ஸ்அப் வைத்தியர்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். 1897-இல் பூனாவில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் உயிர்விட்ட சாவித்திரிபாய் பூலேவின் வழி வந்தவர்கள் நாம். மருந்தும் மருத்துவரும் ஊசியும் சேரிக்கு முதலில் வர வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்கள். எங்கள் சண்டை ஊசியோடு அல்ல. ஊசி போட்டதற்கு அத்தாட்சி கேட்டு அரசு அலுவலக வாசலில் போடப்பட்டிருந்த அந்த நாற்காலியோடு. அதன் முன்னால் விரித்து வைத்திருந்த பதிவேட்டோடு.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இன்று கல்லூரியில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். அடுத்த தொற்று வரும்போது அதே நாற்காலியைத் தூசி தட்டி எடுத்துப் போடுவார்கள். வாசலில் ஒரு முறை முளைத்த சோதனை லேசில் போவதில்லை. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கத் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் துழாவத் தொடங்கினார்கள். கந்துவட்டி ஒழிந்ததா? பை துழாவுவது மட்டும் நிலைத்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2021 ஜனவரி 16 அன்று நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. செப்டம்பர் 12 முதல் தமிழ்நாட்டில் மெகா முகாம்கள். அதே மாதம் நீலகிரியில், ஊசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்றார்கள். (சிரித்துவிட்டு நகர்ந்தோம். சிரித்திருக்கக் கூடாது, அது ஒத்திகை.) நவம்பரில் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதாரத் துறை உத்தரவிட்டது. டிசம்பரில் நமக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில், போடாதவர்களுக்குக் கடை, ஓட்டல் எதிலும் அனுமதியில்லை என்ற அறிவிப்பு. புதுச்சேரியில் ஊசியே கட்டாயம். 2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதம், மே 2 அன்று, ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இந்த உத்தரவுகள் காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்று. வாசலில் அப்படி அல்ல.

சாணார்பட்டி ஒன்றியத்து காலனி ஒன்றிலிருந்து அரசைப் பார்க்கப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். (ஊர்ப் பெயரிலேயே ஒரு சாதியைச் சுமக்கும் ஊர் எங்களுடையது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.) நூறு நாள் வேலைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் ஒன்றிய அலுவலகம். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் தாலுகா ஆபீஸ். எதுவும் நடக்கவில்லை என்றால் நத்தம் ரோட்டில் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்கு இந்த அலைச்சல் கிடையாது. அவருக்கு வேண்டிய கையெழுத்து போனிலேயே முடிந்துவிடும். ஆக, அலுவலக வாசலில் போடும் எந்தத் தடையும் அலுவலகத்தை அதிகம் மிதிக்க வேண்டியவர் காலில்தான் இடிக்கும். அந்த நாட்களில் சான்று ஒன்று வாங்க நாங்களும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எது என்பது இங்கே முக்கியமில்லை. வெள்ளை வேட்டி கட்டியவர் கும்பிடு வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனார். எங்களோடு வந்த காலனிப் பாட்டியிடம், "பேப்பர் எங்கம்மா?" என்றார்கள். கிருமிக்குக்கூட ஆள் பார்த்து ஒட்டத் தெரியாது.

அந்தப் பேப்பர் யாரிடம் இருந்தது என்பது இன்னொரு கதை. கோவின் தளத்தில் பதிவு செய்ய ஒரு செல்போன் எண் வேண்டும். ஒரு எண்ணில் முதலில் 4 பேர், பிறகு 2022 ஜனவரி முதல் 6 பேர். இணையமும் போனும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று 2021 மே 31 அன்றே உச்ச நீதிமன்றம் கேட்டது. முகாமில் அதற்குக் கிடைத்த விடை, கையில் கிடைத்த எண்ணைப் போடுவதுதான். வேலை பார்க்கும் மாந்தோப்புக்காரர் எண், ரீசார்ஜ் கடைக்காரர் எண், பக்கத்து வீட்டுப் பையன் எண். சான்றை இறக்க வேண்டுமானால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். தோப்புக்காரர் மீது கூலிப் பாக்கிக்கு மனு கொடுக்கப் போகிற ஒருவர், அந்தத் தோப்புக்காரரிடமே போய் ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டுதான் அலுவலகத்துக்குள் நுழைய முடியும் என்றால், அதற்குப் பெயர் சுகாதாரமா? இதற்கு நடுவில், ஊசியே போடாதவர்களுக்கும் செத்துப்போனவர்களுக்கும் "உங்கள் தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்த செய்திகளையும் படித்தோம். செத்தவர் உள்ளே போகலாம். உயிரோடு இருக்கும் பாட்டி வெளியே நிற்க வேண்டும்.

இந்த வாசல் நமக்குச் சும்மா திறந்த வாசல் அல்ல, தோழர்களே. 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் இவற்றோடு அரசு அலுவலக வளாகத்துக்குள்ளும் எந்த வகுப்பாரும் நுழையத் தடையில்லை என்றது அது. நன்றாகக் கவனியுங்கள். சாலையையும் கிணற்றையும் மட்டும் கேட்டுவிட்டு அவர் நிறுத்தவில்லை, அலுவலகத்தையும் சேர்த்தே கேட்டார். அலுவலகத்துக்கு வெளியே தள்ளி நின்று, கூவிச் சொல்லி, மனுவைத் தரையில் வைத்துவிட்டுப் போன தலைமுறை எது என்று அவருக்குத் தெரியும். நூறு ஆண்டு கழித்து அதே வாசலில் "தள்ளி நில்" என்ற சொல் வேறு காரணத்தோடு வந்தது. காரணம் உண்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் தள்ளி நில் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் கொடுக்கப்படுகிறது, அந்தக் கை இதுவரை என்ன செய்து பழகியது என்று பார்க்காமல் கொடுப்பது சாதிச் சமூகத்தில் நடுநிலை ஆகாது.

இனி ஊழியர் பக்கம் வருவோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு துப்புரவுப் பணியாளர். பெருமை என்றார்கள், படம் போட்டார்கள். நாங்கள் கேட்பது, தொற்று இல்லாத காலத்தில் அந்தக் கைக்கு எந்த ஊசி போட்டீர்கள் என்பதைத்தான். மலமும் ரத்தமும் கலந்த குப்பையை அள்ளுகிறவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி வேண்டும், துருப்பிடித்த தகரம் கிழிக்கும் கைக்கு டெட்டனஸ் ஊசி வேண்டும். இவை நேற்றுக் கண்டுபிடித்த மருந்துகள் அல்ல. உங்கள் ஊராட்சியில் தெருக் கூட்டும் தூய்மைக் காவலரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஊசியை அவருக்கு யாராவது போட்டார்களா, போட்டதாக எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று. 2020-இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது. நிரந்தரம் கேட்டால் "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்" என்பார்கள். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் இழுத்து அப்புறப்படுத்தியதையும் பார்த்தோம். ஆனால் ஊசி போட்ட பட்டியல் எடுக்கும் நாளில் மட்டும் அவர் "நம் அலுவலக ஊழியர்". சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் சந்தேகப் பட்டியலில் முதலில் வருகிறது.

எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில் அரசுக்கு நல்ல தெளிவு உண்டு. ஊசி எண்ணிக்கையை மணிக்கு மணி சொன்னார்கள். அதே 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் தனியே தெரிவிக்கவில்லை என்றார்கள். கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்றும் சொன்னார்கள். சாக்கடைக் குழியில் செத்தவர்களுக்கு அது வேறு வகைச் சாவாம்.

ஜேக்கப் புலியேல் தீர்ப்பை மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும், இரண்டு பக்கத்தாரும் பாதிதான் சொல்கிறார்கள். தன் உடம்பில் என்ன செலுத்தலாம் என்பதை முடிவு செய்வது 21-ஆம் பிரிவின் கீழ் அவரவர் உரிமை. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், சமூக நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும், தடுப்பூசிக் கொள்கை தவறல்ல என்றும் சொன்னது. ஆனால் போடாதவர் மூலம் பரவும் ஆபத்து போட்டவரை விட மிக அதிகம் என்று காட்டும் எந்தத் தரவையும் மாநில அரசுகள் முன்வைக்கவில்லை, எனவே தடைகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. அங்கே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாதக்கணக்கில் நம்மிடம் அத்தாட்சி கேட்டவர்களிடம் நீதிமன்றம் அத்தாட்சி கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவை நாம் உதாரணம் காட்டுவது அபூர்வம். இந்த ஒன்றில் காட்டலாம். 2021-இல் பைடன் அரசு மத்திய அரசு அலுவலகங்களில் ஊழியர்களுக்கு ஊசியைக் கட்டாயமாக்கியது. அந்த உத்தரவு நீதிமன்றத்தில் சிக்கியது வேறு கதை. அலுவலகத்துக்கு வருகிறவர்களிடமும் ஊசி நிலையைக் கேட்டு ஒரு படிவம் வைத்தார்கள். சொல்ல விரும்பவில்லை என்றும் அதில் குறிக்கலாம்; குறித்தால் முகக்கவசமும் பரிசோதனையும்தான், விரட்டுவது இல்லை. அதைவிட முக்கியம், அரசின் சேவையோ உதவித்தொகையோ பெற வரும் பொதுமக்களுக்கு அந்தப் படிவமே இல்லை என்று விதியில் எழுதிவைத்தார்கள். ஓய்வூதியம் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்ற அந்த ஒரு வரியை எழுத நம் அதிகாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, வாசலில் எழுதி வாங்கிய பெயர், போன் எண், ஆதார் எண், ஊசித் தேதி எல்லாம் எங்கே போயின? 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் எண்ணைத் தட்டினால் கோவினில் பதிந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தன. தளத்தை யாரும் நேரடியாக உடைக்கவில்லை என்றது ஒன்றிய அரசு. டெல்லியில் பூட்டிவைத்ததன் கதியே இது என்றால், வாசல் மேசையில் கிடந்த நோட்டுக்கு என்ன பாதுகாப்பு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது, அதில் அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழியும் வைத்தது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் கைவைத்து, தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதித் தரலாம் என்று அங்கிருந்த வாசகத்தையும் எடுத்துவிட்டது. நம் தகவல் அவர்களுக்குத் திறந்த வீடு. அவர்கள் தகவல் நமக்குப் பூட்டிய வீடு.

நம் உடம்பின் தகவல் எதற்குப் பயன்படும் என்று அப்பாவியாகக் கேட்கிறவர்களுக்கு வேங்கைவயல் போதும். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் அந்த மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. ஊசிப் பதிவேடும் அதுவும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ரத்தம் கேட்டால் நீட்டத் தயங்கும் கையை ஏன் என்று அதட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நேராகவே கேட்டார்: "அப்ப ஆபீஸ்ல தொத்து பரவுனா பரவட்டும்னு விட்டுடுறதா அண்ணே? அங்க கூட்டுற நம்ம அம்மாவுக்குத்தான முதல்ல ஒட்டும்?" நியாயமான கேள்வி. ஊழியரின் ஊசி நிலையை நிர்வாகம் தெரிந்துவைத்துக்கொள்ளலாம் என்றுதான் நாங்களும் சொல்கிறோம், ஆனால் கேட்கும் முன் கொடுக்க வேண்டும். கலெக்டருக்குப் போட்ட அதே வாரம் கழிவறை கழுவுகிறவருக்கும், அலுவலகத்திலேயே, கூலி பிடிக்காமல், மறுநாள் காய்ச்சலுக்கு விடுப்போடு போட வேண்டும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தபோது ஊரெல்லாம் பயந்தது. காரணம் ஊசி அல்ல என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. அந்தப் பயத்தை வீடு வீடாக நடந்து பேசித் தீர்த்தவர்கள் கிராமச் செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும்தான், வாசல் நாற்காலி அல்ல. மனு கொடுக்க வருகிறவருக்கு முகக்கவசம் கொடுங்கள், மரத்தடியில் பந்தல் போட்டு மனுவை அங்கேயே வாங்குங்கள். அலுவலர் எழுந்து வெளியே வரட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த மாதம் நாங்கள் சாணார்பட்டி ஒன்றியத்தில் தொடங்குகிறோம், உங்கள் ஒன்றியத்தில் நீங்கள் தொடங்கலாம். தகவல் உரிமை மனு, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், 30 நாளில் பதில். யாருடைய பெயரையும் கேட்க வேண்டாம். கேட்டால் தனிநபர் தகவல் என்று திருப்பி அனுப்புவார்கள். எண்ணிக்கையும் ஆவணமும் கேளுங்கள். 2021, 2022-இல் பணியாளர், பார்வையாளர் ஊசி நிலையை எழுதிய பதிவேடு வைத்திருந்தீர்களா, எந்த உத்தரவின்படி? அது இப்போது யார் பொறுப்பில், எந்த அலமாரியில்? அழித்திருந்தால் அழித்த உத்தரவின் நகல். அதே ஆண்டுகளில் உங்கள் தூய்மைக் காவலர்கள் எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை பி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டீர்கள், எந்தத் தேதிகளில்? பதில் வந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் தனியாக ஒரு தாளில் நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், குறைதீர் நாளன்று தேவைப்படும்.