ஜில்லாவுக்கு ஒரு தலைவிதியா?

2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் பொருளாதாரம், விலைவாசி ஏற்றத்தைத் தள்ளிய கணக்குப்படி, நூற்றுக்கு 11.19 வீதம் வளர்ந்திருப்பதாகப் புள்ளிவிவரம் வெளியாயிற்று. இந்திய ஜனங்களில் 100க்கு 6 பேர்தான் இந்நாட்டில் இருக்கின்றார்கள். என்றாலும் இந்தியாவின் மொத்த உற்பத்தியில் 100க்கு ஏறத்தாழ 9 பங்கு இங்கே உண்டாகின்றது. இதில் நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் சராசரி என்கின்ற கணக்கு மிகவும் பொல்லாதது. பந்தியில் ஒருவன் இரண்டு இலைச் சோற்றைத் தின்றுவிட, பக்கத்தில் இருப்பவன் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், கணக்குப்பிள்ளை ஆளுக்கு ஓர் இலை என்றுதான் எழுதுவான். ஆகவே மொத்தத் தொகையைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன், யார் இலையில் என்ன விழுந்தது என்று பார்க்கவேண்டியது நம் கடமையாகும்.

2017ல் மாநிலத் திட்டக் குழுவார் வெளியிட்ட மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், படிப்பு, சுகாதாரம், வாழ்க்கை வசதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஜில்லாக்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். அப்போதிருந்த 32 ஜில்லாக்களில் முதலில் நின்றது கன்னியாகுமரி. கடைசியில் நின்றது அரியலூர். இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், நம்மவர்களில் பெரும்பாலோர் வாயில் தயாராக ஒரு பதில் இருக்கின்றது. "கோயமுத்தூரான் உழைப்பாளி, பிறவியிலேயே தொழில் புத்தி உள்ளவன். அரியலூரானுக்குச் சுறுசுறுப்புப் போதாது. எல்லாம் அந்தந்த மண்ணின் ராசி" என்கின்றார்கள். மனிதனுக்குத் தலையெழுத்து என்று சொல்லி ஏய்த்தது போதாதென்று, இப்போது ஜில்லாவுக்கும் தலையெழுத்து என்று ஆரம்பித்துவிட்டார்கள். பிறப்பினாலே ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதற்கும், ஊரினாலே ஒருவன் உழைப்பாளி, ஒருவன் சோம்பேறி என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

மண்ணின் ராசிதான் காரணமென்றால், காவேரி பாய்ந்த தஞ்சாவூரிலல்லவா ஆலைகள் எழுந்திருக்கவேண்டும்? கோயமுத்தூர்ச் சீமை மேற்கு மலையின் மழை மறைவில் கிடந்த புன்செய்க் காடு. கரிசலில் பருத்தி விளைந்தது உண்மையே. ஆனால் பருத்தி விளைந்த ஊரெல்லாம் ஆலை ஊராகிவிடவில்லை. கோயமுத்தூரில் முதல் நூற்பாலை 1888ல் ஏற்பட்டது. அதற்குப்பின் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1932ல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன்பின் பத்து வருஷத்திற்குள் ஊரைச் சுற்றிலும் ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன; காட்டுக் கிணறுகளில் மோட்டார் ஓடிற்று; மோட்டாரைப் பழுது பார்த்த பட்டறைகளே நாளடைவில் மோட்டாரையும் பம்பையும் செய்யத் தொடங்கின. கோயமுத்தூரானுடைய புத்தி 1931ல் எங்கே போயிருந்தது? 1933ல் எங்கிருந்து வந்தது? புத்தி அதேதான், கம்பிதான் புதிது.

"ஆலையில் போட்டது விவசாயியும் வியாபாரியும் சம்பாதித்த சொந்தப் பணமல்லவா?" என்று கேட்கலாம். ஆம், அவர்கள் உழைப்பையும் துணிவையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பைக்காராவில் அணை கட்டினதும், மலையிலிருந்து கம்பி இழுத்ததும் சர்க்கார் பணம். அதாவது ஊரார் கொடுத்த வரி. சென்னையைச் சுற்றியுள்ள கதையும் இதுவே. 1958ல் கிண்டியிலும், பின்னர் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை அமைத்ததும், 1971ல் சிப்காட் என்னும் ஸ்தாபனத்தை உண்டாக்கி நிலம், தண்ணீர், ரஸ்தா ஏற்பாடு செய்து கொடுத்ததும் சர்க்காரே. 1990களில் மோட்டார் கார்க் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தது ஸ்தல புராணத்தைப் படித்துவிட்டா? துறைமுகமும், ரஸ்தாவும், மின்சாரமும், படித்த பிள்ளைகளும் அங்கே இருந்ததினால் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் படித்ததற்கும் காரணம் உண்டு. 1956ல் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982ல் அதை விரிவாக்கிய சத்துணவும் எத்தனையோ ஏழை வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இருத்தி வைத்தன. பெரிய ஆலைகள் இல்லாத கன்னியாகுமரி முதலிடத்தில் நிற்பதன் ரகசியமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமே அன்றி வேறில்லை.

ஆகவே வளர்ச்சி என்பது போட்ட இடத்தில் விளைகின்ற பயிர். போடாத இடத்தில் விளையவில்லை என்றால், நிலத்தைத் திட்டுவது நியாயமா, விதைக்காதவனைக் கேட்பது நியாயமா?

இனி அரியலூரைப் பாருங்கள். அந்த ஜில்லா ஒன்றுமில்லாத ஜில்லாவா? பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்து கிடக்கின்றது. 1979ல் சர்க்காரே அங்கே ஒரு சிமெண்டு ஆலை வைத்தது. தனியார் ஆலைகளும் பல இருக்கின்றன. நாடெங்கும் எழும் மாடி வீடுகளுக்கும் பாலங்களுக்கும் அந்த ஊர்க்கல் போகின்றது. போன கல்லுக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்ப்போம். ஒரு டன் சிமெண்டுக்கு ஒன்றரை டன் கல் என்று கூடுதலாகவே வைத்துக்கொள்வோம். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014ல் நிர்ணயித்த ராயல்ட்டி டன்னுக்கு 80 ரூபாய். ஆக, ஒரு டன் சிமெண்டுக்கு 120 ரூபாய். ஒரு டன் என்பது 20 மூட்டை. மூட்டைக்கு 6 ரூபாய்! அதுவும் போவது ராஜ்யத்தின் பொது கஜானாவுக்கு. கல் வெட்டிய ஜில்லாவுக்கென்று 2015 சட்டத் திருத்தப்படி ஏற்பட்டது மாவட்டக் கனிம அறக்கட்டளை. ராயல்ட்டிக்கு மேற்கொண்டு அதில் 100க்கு 10 அல்லது 30 அதற்குக் கிடைக்கும். அதாவது மூட்டைக்கு 60 காசு. மிஞ்சினால் ஒரு ரூபாய் 80 காசு. கடையில் ஒரு மூட்டை என்ன விலை என்பது வீடு கட்டின தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஜில்லாவுக்கு மிச்சம் லாரிப் புழுதியும், வெட்டி விட்ட பள்ளமுமே.

கனிமமுள்ள நிலத்திற்கு வரி போட ராஜ்யங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. உடனே நமது சர்க்கார் சட்டம் செய்து, 2025 ஏப்ரலில் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதித்தது. இதை நாம் வரவேற்கின்றோம். மேலே சொன்ன கணக்குப்படி மூட்டைக்கு 12 ரூபாய் ஆகின்றது. ஆனால் இந்த 12 ரூபாயில் கல் கொடுத்த கிராமத்துக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் நம் கேள்வி.

ஜெயங்கொண்டத்துச் சங்கதி இதைவிட விசேஷம். பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் செய்யப்போவதாகச் சொல்லி, 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. 2022ல்தான் நிலத்தை உடையவர்களுக்கே திருப்பித் தருவதாக முடிவு செய்தார்கள். இடையில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. சொந்தக் காட்டில் ஒரு கிணறு வெட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கிடந்த குடியானவனைப் பார்த்துச் "சுறுசுறுப்பில்லாதவன்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

டில்லியைப் பார்த்து நாம் என்ன கேட்கின்றோம்? "100க்கு 6 பேர் இருக்கும் எங்களுக்கு, 15-வது நிதிக் கமிஷன் 2021-26க்குப் பங்கிட்ட வரியில் 4.079 வீதந்தானா? எங்களிடம் வாங்குவது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு?" என்று கேட்கின்றோம். நியாயமான கேள்வி, இன்னும் உரக்கக் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் இதே கேள்வியை அரியலூர் சென்னையைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில்? டில்லிக்கு ஒரு நியாயம், சென்னைக்கு ஒரு நியாயமா?

சமீபத்தில் கொஞ்சம் விதைக்கத் தொடங்கியிருப்பதையும் நாம் மறைக்கவில்லை. 2022 ஜனவரியில் அரியலூரில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 2022 நவம்பரில் பெரம்பலூர் ஜில்லா எறையூரிலும், 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்திலும் காலணித் தொழிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்லதே. ஆனால் வளர்ந்த ஊர்கள் பட்ட பாட்டையும் இந்த ஊர்கள் பட்டுத்தான் தீரவேண்டுமென்பதில்லை. திருப்பூரில் பனியன் விற்ற பணம் வந்தது. சாயத் தண்ணீர் நொய்யலில் போயிற்று. 1992ல் பாசனத்திற்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. கடைசியில் 2011ல் ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச்சொல்லவேண்டி வந்தது. லாபம் ஒருவனுக்கு, பாழான கிணறு மற்றொருவனுக்கு என்றால் அது வளர்ச்சியல்ல.

தொழிலாளி விஷயமும் அப்படியே. இந்தியாவில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 40 பேர் தமிழ்நாட்டில் இருக்கின்றார்கள். பெண் அடுப்படியை விட்டுச் சம்பளம் வாங்குவது நமக்கு மிகவும் பிரியமான காரியம். ஆனால் வேலை நிரந்தரமா, சங்கம் வைக்க உரிமை உண்டா, விடுதியில் மனிதருக்கேற்ற சோறு உண்டா என்று கேட்கவேண்டாமா? 2024ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. சங்கம் வைப்பது சட்டத்தில் உள்ள உரிமை. அதற்கு 37 நாள் பட்டினியா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். கனிம வரியில் குறைந்தது பாதியை, கல் வெட்டிய ஜில்லாவின் பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், குடிதண்ணீருக்கும், தொழிற் பயிற்சிக்கும் செலவிடவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு ஜில்லாவிலும் வாங்கினது எவ்வளவு, போட்டது எவ்வளவு என்று வருஷந்தோறும் தமிழில் அச்சடித்துப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டுங்கள். புதிய தொழிற்சாலைக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே நிரந்தர வேலை, சங்க உரிமை, கழிவு நீர் வெளியே போகாத ஏற்பாடு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வையுங்கள்.

அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். "நம் ஊர் ராசி இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் சும்மா தலையாட்டாதீர்கள். ராசி என்பது கணக்குக் காட்ட விரும்பாதவனுடைய பேச்சு. கிராம சபை கூடும்போது கனிமப் பணத்தின் கணக்கைக் கேளுங்கள். கொடுக்கும் வரையில் கேளுங்கள்.